தொட்டுப் பார்க்க முடியாத வாடிக்கையாளருக்கு: நெல்லைச் சீமையில் சிறுதொழில் செய்வோருக்கான இன்ஸ்டாகிராம் வழிகாட்டி

பத்தமடையில் பாய் வாங்க வருகிறவர் முதலில் செய்வது, பாயின் விளிம்பை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து மடித்துப் பார்ப்பதுதான். கோரை எவ்வளவு நுணுக்கமாகக் கீறப்பட்டிருக்கிறது, மடித்த இடத்தில் வெடிப்பு விழுகிறதா, சாயம் விரலில் ஒட்டுகிறதா என்பதையெல்லாம் அந்த ஒரு பிடியிலேயே அறிந்துகொண்டு, அதன் பிறகே விலை பேசுவார். சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு அதே பாயைக் கைப்பேசித் திரையில் பார்க்கிறவருக்கு அந்தப் பிடி கிடைப்பதில்லை. விரல் செய்ய வேண்டிய வேலையை அவருடைய கண் செய்ய வேண்டியிருக்கிறது. அந்தக் கண்ணுக்கு வேண்டியதைக் கொடுப்பதுதான் இன்ஸ்டாகிராமில் விற்கிறவரின் வேலை. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் எல்லாமே அதிலிருந்து கிளைப்பவை.

உறவினர் வீட்டுப் பாய் நெசவுக்காகத் தொடங்கி, பிறகு கருப்பட்டியும் மண்பாண்டமும் விற்கும் சிலருக்காகவும் நான்கு ஆண்டுகளாக இன்ஸ்டாகிராம் கணக்குகளைக் கவனித்து வருகிறேன். பெரிய நிறுவனங்களின் விளம்பரத் துறைக்கு நான் சொல்லித்தர எதுவும் இல்லை. வீட்டிலேயே பொருள் செய்து, வீட்டிலேயே படம் எடுத்து, தானே பொட்டலம் கட்டி அனுப்புகிறவரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். அவரிடம் ஒரு நல்ல கைப்பேசியும் நாளுக்கு முக்கால் மணி நேரமும் இருந்தால் போதும்.

கணக்கைத் திறப்பதற்கு முன்பு

ஒரு தாளை எடுத்து, எதை விற்கப்போகிறோம், அதை யார் வாங்குவார் என்று இரண்டே வரியில் எழுதிக்கொள்ள வேண்டும். இதை எழுதாமல் தொடங்குகிறவர்கள் முதல் மாதம் பாய், இரண்டாம் மாதம் புடவை, மூன்றாம் மாதம் ஊறுகாய் என்று போட்டு, பார்க்கிறவருக்கும் குழப்பம், தமக்கும் சோர்வு என்று நிறுத்திவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நெல்லைப் பொருள்களை வெளியூரிலிருந்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையினர். ஒருவர் இந்த மண்ணில் பிறந்து பிழைப்புக்காக வெளியே போனவர். அவருக்குக் கருப்பட்டி என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை, கலப்படமில்லாதது என்ற உறுதி மட்டும் வேண்டும். மற்றவர் இந்தப் பக்கமே வந்தறியாதவர். கல்யாணப் பரிசுக்கோ வீட்டு அலங்காரத்துக்கோ கைவேலைப் பொருள் தேடுகிறவர். அவருக்கு ஒவ்வொன்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இருவருக்கும் ஒரே பதிவில் பேச முயன்றால் இருவருக்கும் எட்டாது. ஆகவே இந்தப் பதிவு யாருக்கு என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்துகொண்டு எழுதுவது நல்லது.

புவிசார் குறியீடு, அதாவது குறிப்பிட்ட ஊருக்கே உரிய பொருள் என்ற சட்டப்படியான அடையாளம், பெற்ற பொருள்கள் நம் பக்கத்தில் பல இருக்கின்றன: பத்தமடைப் பாய், 2020-இல் பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாய், 2023-இல் பெற்ற உடன்குடி பனங்கருப்பட்டியும் ஆத்தூர் வெற்றிலையும். உங்கள் பொருள் இந்த வரிசையில் வந்தால் அதைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் உடன்குடியில் காய்ச்சாத கருப்பட்டியை உடன்குடிக் கருப்பட்டி என்று எழுதக் கூடாது. அது சட்டப்படி குற்றம் என்பதோடு, அந்தப் பெயரை உண்டாக்கிய பனையேறிகளின் உழைப்புக்குச் செய்யும் துரோகமும் ஆகும்.

கணக்கு, பெயர், பயோ

சொந்தக் கணக்கிலேயே விற்கத் தொடங்காமல் தொழிலுக்கென்று தனிக் கணக்கு தொடங்கி, அமைப்புகளுக்குள் சென்று அதைத் தொழில்முறைக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. மாற்றிய பிறகுதான் எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள் என்ற கணக்கும், தொடர்புக்கான பொத்தானும் கிடைக்கும். முடிந்தால் இதற்கென்று தனி சிம் வாங்கிவிடுவது நல்லது; குடும்ப எண்ணைப் பொதுவில் போட்டுவிட்டு நடுராத்திரியில் வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

கணக்கின் முகவரிப் பெயர் சிறியதாகவும், வாயால் சொன்னால் ஒருவர் பிழையில்லாமல் தட்டச்சு செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும். எண்களும் அடிக்கோடுகளும் நிறைந்த பெயரைக் கல்யாண வீட்டில் ஒரு மதினி இன்னொரு மதினிக்குச் சொல்ல முடியாது. இதற்குக் கீழே பெயருக்கென்று தனியாக ஓர் இடம் உண்டு. அதில் தொழிலின் பெயரோடு பொருளின் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதினால், "பத்தமடைப் பாய்" என்று தேடுகிறவருக்கு உங்கள் கணக்கு கண்ணில் படும் வாய்ப்பு கூடும்.

கணக்கின் முகப்பில் நம்மைப் பற்றிச் சுருக்கமாக எழுதும் இடமான பயோவில் 150 எழுத்துகளுக்கு மேல் இடமில்லை. பலர் அந்த இடத்தைப் பொன்மொழிகளால் நிரப்பிவிடுகிறார்கள். அதில் நான்கு செய்திகள் இருந்தால் போதும்: என்ன பொருள், எந்த ஊர், எங்கே அனுப்புவீர்கள், எப்படி வாங்குவது. எடுத்துக்காட்டாக, "பத்தமடைக் கோரைப் பாய். எங்கள் வீட்டுத் தறியில் நெய்தது. மணமக்கள் பெயர் நெய்து தரப்படும். இந்தியா முழுவதும் அனுப்புகிறோம். ஆர்டருக்கு வாட்ஸாப்" என்று எழுதி, கீழே வாட்ஸாப் இணைப்பைக் கொடுத்துவிடலாம்.

இந்த இடத்திலேயே ஒரு பாதுகாப்பு வேலையையும் முடித்துவிட வேண்டும். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, அப்போது கிடைக்கும் மாற்றுக் குறியீடுகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "உங்கள் கணக்கு பதிப்புரிமையை மீறியிருக்கிறது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும், இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று உள்பெட்டிக்கு வரும் செய்திகள் பொய்யானவை. எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த வாடிக்கையாளர்களை இப்படி ஒரே இரவில் இழந்தார். இன்ஸ்டாகிராம் உண்மையிலேயே அனுப்பிய மின்னஞ்சல்களின் பட்டியல் செயலியின் பாதுகாப்பு அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. சந்தேகம் வந்தால் அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

படம் எடுத்தல்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வெளிச்சம். நம் ஊர் வெயில் பத்து மணிக்கு மேல் பொருளின் மேல் நேராக விழுந்தால் நிழல் கறுத்து, வெளிச்சம் பட்ட இடம் வெளுத்துவிடும். காலை ஏழிலிருந்து ஒன்பது வரையும், மாலை நான்கரைக்கு மேலும் திண்ணையில் கிடைக்கும் வெளிச்சம் மிகவும் ஏற்றது. நண்பகலில் எடுத்தாக வேண்டுமென்றால் பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், ஜன்னலுக்கு அருகில் பொருளை வைத்து, ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிடுங்கள். வெயில் அதில் வடிகட்டி இதமாக விழும். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சீசன் தொடங்கி, சாரல் காற்றோடு வானம் மூடியிருக்கும் நாள்களில் முற்றத்திலேயே நாள் முழுவதும் எடுக்கலாம். தென்காசிப் பக்கம் இருப்பவர்கள் ஓர் ஆண்டுக்குத் தேவையான படங்களில் பாதியை அந்த இரண்டு மாதங்களிலேயே எடுத்து வைத்துக்கொள்ள முடியும்.

இரவில் மஞ்சள் பல்பின் கீழ் எடுக்கக் கூடாது. தொடங்கிய புதிதில் ஒரு சிவப்புக் கரைப் பாயை அப்படி எடுத்துப் போட்டேன். கோயம்புத்தூரில் கல்யாணச் சீருக்காக வாங்கிய அம்மையார், படத்தில் செங்காவியாகத் தெரிந்தது கையில் அரக்குச் சிவப்பாக வந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். இருவழி அனுப்பும் செலவும் எங்கள் தலையில் விழுந்தது. அதைவிட, அவருடைய கல்யாண வேலைக்கு நடுவில் அவரை அலையவைத்துவிட்டோமே என்பது இன்னும் உறுத்துகிறது. அதிலிருந்து நிறம் முக்கியமான எந்தப் பொருளையும் பகல் வெளிச்சத்தில் எடுத்து, படத்தையும் பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே போடுகிறேன். அழகுபடுத்தும் ஃபில்டர்களை விற்பனைப் படங்களில் தொடுவதே இல்லை.

அடுத்தது, கைப்பேசியின் கேமரா எப்படிக் கணக்கிடுகிறது என்பது. அது எதிரில் இருப்பது எதுவாயினும் நடுத்தர வெளிச்சமாக்கிவிட முயலும். அதனால் கருப்பட்டியைப் போன்ற கரிய பொருளை எடுத்தால் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி, அதைச் சாம்பல் பூத்த பழுப்பாக்கிவிடும். கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைப் போன்ற வெளிறிய பொருளை எடுத்தால் வெளிச்சத்தைக் குறைத்து அழுக்காகக் காட்டும். திரையில் பொருளின் மேல் ஒரு முறை தொட்டால் பக்கத்தில் சிறு சூரியக் குறி ஒன்று தோன்றும். கருப்பட்டிக்கு அதைக் கொஞ்சம் கீழே இழுக்க வேண்டும், அப்பளத்துக்கு மேலே தள்ள வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிப் படங்கள் சரியாகிவிடும். எடுப்பதற்கு முன் லென்சைச் சுத்தமான துணியால் துடைப்பது மற்றொரு பழக்கம். அடுக்களையில் வேலை செய்கிறவரின் கைப்பேசியில் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். படம் மங்கலாக வருவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

அல்வாவைப் படமெடுக்கிறவர்கள் மேலிருந்து எடுத்து, நெய்ப் பளபளப்பு மட்டும் தெரியும்படி விட்டுவிடுகிறார்கள். கோதுமைப் பாலில் கிண்டிய அல்வாவின் சிறப்பு அதன் கண்ணாடித் தன்மை. ஒரு துண்டை வாழையிலையில் வைத்து, ஜன்னல் அதற்குப் பின்புறம் வரும்படி உட்கார்ந்து, பொருளின் உயரத்துக்கே கைப்பேசியைத் தாழ்த்தி எடுங்கள். பின்னாலிருந்து வரும் வெளிச்சம் அல்வாவுக்குள் ஊடுருவி, ஓரங்கள் தேன் நிறமாக ஒளிரும். அந்த ஓரத்தைப் பார்த்ததும் அதன் பதம் அல்வா தெரிந்தவருக்குப் புரிந்துவிடும்.

பாய்க்கு இதற்கு நேர்மாறு. பக்கவாட்டில் தாழ்வாக வரும் வெளிச்சத்தில் எடுத்தால்தான் ஒவ்வொரு கோரையின் மேடும் பள்ளமும் தெரியும். கோரையை ஆற்று நீரில் ஊறவைத்து, கீறி, நுண்ணிய இழையாக்கி நெய்த பட்டுப்பாய்க்கும் சாதாரணப் பாய்க்கும் உள்ள வேறுபாடு விலையில் பல மடங்கு. நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பிறகு விலை கேட்டவர் மலைத்துப்போவதில் வியப்பில்லை.

ஒரு பொருளுக்கு ஐந்து படங்கள் எடுத்து ஒரே பதிவில் அடுக்குவது என் வழக்கம். இப்போது ஒரு பதிவில் 20 படங்கள் வரை இடம் உண்டு என்றாலும் ஐந்தாறுக்கு மேல் பெரும்பாலோர் தள்ளிப் பார்ப்பதில்லை. முதலாவது முழுப் பொருள். இரண்டாவது மிக அருகில் எடுத்தது, பாயென்றால் கோரை இழை, காருகுறிச்சி மண்பானையென்றால் விளிம்பின் தடிமன். மூன்றாவது அளவு தெரிவது: பானைக்குப் பக்கத்தில் ஒரு செம்பு, அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமானுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தையின் கை, பாயின் மேல் அமர்ந்திருக்கும் ஆள். சென்டிமீட்டர் கணக்கை எழுதினாலும் மனம் கையையும் செம்பையும் வைத்தே அளவை உணர்கிறது. நான்காவது பொருளின் பின்புறமோ அடிப்புறமோ. கடைக்கு வந்தவர் கட்டாயம் திருப்பிப் பார்ப்பார், எனவே நாமே திருப்பிக் காட்டிவிட வேண்டும். ஐந்தாவது அது பயன்பாட்டில் இருப்பது. கைவேலைப் பொருளில் சிறு குறை, நிற வேறுபாடு இருந்தால் அதையும் ஒரு படத்தில் காட்டிவிடுகிறேன். காட்டிய குறைக்காக எவரும் இதுவரை பொருளைத் திருப்பி அனுப்பியதில்லை.

படத்தின் அளவு நான்குக்கு ஐந்து என்ற விகிதத்தில் நெடிதாக இருக்கட்டும். திரையில் அதிக இடம் பிடிக்கும். 2025 ஜனவரி முதல் கணக்கின் முகப்பில் வரும் சிறு கட்டங்களும் சதுரத்திலிருந்து நெடுவாக்குக்கு மாறிவிட்டன. அங்கே ஓரங்கள் வெட்டுப்படக்கூடும் என்பதால் பொருளைப் படத்தின் நடுவில் வைப்பது பாதுகாப்பானது.

ரீல்ஸ்: செய்கிற கையைக் காட்டுங்கள்

2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டு, ஜூலையில் ரீல்ஸ் என்ற குறுங்காணொலி வசதி இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து, புதியவர்களிடம் நம் கணக்கைக் கொண்டுசேர்ப்பது பெரும்பாலும் இந்தக் குறுங்காணொலிகள்தான். படப் பதிவு ஏற்கெனவே நம்மைப் பின்தொடர்பவரை நினைவூட்டி வைக்கிறது. ரீல்ஸ் நம்மை அறியாதவரின் திரைக்குப் போகிறது. ஆகவே வாரத்தில் ஒன்றாவது வேண்டும்.

ஆடிப் பாடி நடிக்க வேண்டியதில்லை. செய்கிற கையைக் காட்டினால் போதும். சொப்புச் சாமான் செய்யும்போது, கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தும்போது, உராயும் சூட்டிலேயே அரக்கு உருகி, வெள்ளை மரத்தைச் சிவப்பு நிறம் ஒரு நொடியில் சுற்றி வளைத்துக்கொள்ளும். அந்த ஒரு நொடியை அருகில் எடுத்துப் போட்டால் எவரும் கண்ணெடுக்க மாட்டார்கள். கொதித்து இறுகிய பதநீரைச் சிரட்டையில் ஊற்றுவது, ஆறிய பின் சிரட்டையைத் தட்டிக் கருப்பட்டியைக் கழற்றுவது, பாய்த்தறியில் கோரையைக் கோத்த குச்சி இழைகளுக்கு நடுவே ஓடுவது, அடுத்த நொடி அச்சு அதை அடித்து நெருக்குவது ஆகிய ஒவ்வொன்றும் தனி ரீல்.

இவற்றில் சிறந்த காட்சி எதுவோ அதை முதல் மூன்று நொடிகளிலேயே வைத்துவிடுங்கள். வணக்கம் சொல்லி, கடையின் பெயர் சொல்லி, ஊர் வரலாறு சொல்லித் தொடங்கினால் அதற்குள் பார்க்கிறவர் தள்ளிவிட்டிருப்பார். மொத்த நீளம் 15 முதல் 30 நொடி போதும். கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடித்து, இடுப்பளவு உயரமுள்ள ஸ்டூலில் சாய்த்து, கை ஆடாமல் எடுங்கள்.

சினிமாப் பாட்டைச் சேர்ப்பது பற்றி ஓர் எச்சரிக்கை. தொழில் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராமின் பாட்டு நூலகம் முழுவதும் திறந்திருப்பதில்லை. வணிகத்துக்கு உரிமமில்லாத பாட்டை வேறெங்கிருந்தோ எடுத்துச் சேர்த்தால் ரீலின் ஒலி நீக்கப்படலாம். அதைவிடத் தறியின் "டக்... டக்" ஓசையும், அல்வாச் சட்டியில் கரண்டி உரசும் ஓசையும் யாரிடமும் உரிமம் கேட்காதவை. என் அனுபவத்தில் அவையே மக்களை அதிக நேரம் நிறுத்துகின்றன. பலர் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பதால், என்ன நடக்கிறது என்பதை ஒவ்வொரு காட்சியின் மேலும் நான்கைந்து சொற்களில் தமிழில் எழுதிவிட வேண்டும்.

தறியில் அமர்ந்திருப்பவரின் முகத்தைக் காட்டுவதானால் அவருடைய சம்மதத்தை முன்பே கேட்க வேண்டும். பாய் நெய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முகம் வெளியே வருவதை விரும்பாதவர் பலர் உண்டு, அது அவர்கள் உரிமை. கை மட்டும் தெரிந்தாலே போதுமானது.

என்ன எழுதுவது

படத்துக்குக் கீழே எழுதும் கேப்ஷனில் 2,200 எழுத்துகள் வரை இடம் இருக்கிறது என்றாலும், திரையில் முதல் ஒன்றிரண்டு வரிகள் மட்டுமே தெரியும். மீதி, அழுத்தினால்தான் விரியும். ஆகவே செய்தி முதல் வரியிலேயே இருக்க வேண்டும். "கைவினையின் அற்புதம்!" என்று தொடங்கும் பதிவைப் படித்து ஒருவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. நான் அண்மையில் எழுதிய ஒன்றை அப்படியே தருகிறேன்:

"மணமக்கள் பெயர் நெய்த பாய். ஆறடிக்கு மூன்றடி. பெயரும் தேதியும் கரையோரம் வரும். நெய்து முடிக்க மூன்று வாரமாகும், எனவே தை முகூர்த்தத்துக்கு வேண்டியவர்கள் கார்த்திகைக்குள் சொல்லிவிடுங்கள். நீளவாக்கில் பருத்தி நூல் பாவு, குறுக்கே கோரை ஊடு. தண்ணீரில் நனைக்க வேண்டாம், ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் பல ஆண்டுகள் உழைக்கும். விலையும் அனுப்பும் செலவும் கடைசிப் படத்தில்."

விலையை மறைத்து "டிஎம் செய்யவும்" என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. விலை கேட்டுச் செய்தி அனுப்பக் கூச்சப்படுகிறவர்கள் நிறைய. அவர்கள் பேசாமல் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். நம்முடைய விலை நியாயமானது என்று நமக்கே தெரியும்போது அதை வெளியே எழுதுவதில் என்ன தயக்கம் இருக்க முடியும்? போட்டியாளர் பார்த்துவிடுவாரே என்பார்கள். அவர் எப்படியும் ஆள் விட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

ஹேஷ்டேக் மூன்று முதல் ஐந்து போதும். #பத்தமடைப்பாய், #திருநெல்வேலி என்று பொருளையும் ஊரையும் குறிப்பவற்றைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் இடுங்கள். பொருளோடு தொடர்பில்லாத பிரபலக் குறிகளை அடுக்குவதால் வாங்குகிறவர் யாரும் வருவதில்லை.

எப்போது, எவ்வளவு

ஒரே நாளில் பத்துப் பதிவு போட்டுவிட்டு ஒரு மாதம் காணாமல் போவதைக் காட்டிலும், வாரத்துக்கு ஒரு ரீல், இரண்டு படப் பதிவு, அன்றாடம் ஒன்றிரண்டு ஸ்டோரி என்பதே தாங்கக்கூடிய நடை. ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடுவதால் அதில் நேர்த்தி தேவையில்லை. இன்று கோரை வந்து இறங்கியது, சாயம் காய்கிறது, இன்றைய பொட்டலங்கள் தயார் என்று நடப்பதைக் காட்டினாலே தொழில் உயிரோடு நடக்கிறது என்ற நம்பிக்கை பிறக்கும். அவற்றுள் விலைப்பட்டியல், அனுப்பும் முறை, வாங்கியவர் கருத்து ஆகியவற்றை மட்டும் ஹைலைட்டில் சேர்த்து முகப்பில் நிலைக்க வைக்கலாம்.

பருவத்துக்கு முந்திக்கொள்ள வேண்டும். பொங்கல் பானையை மார்கழி கடைசியில் காட்டினால் அது அனுப்பிச் சேர்வதற்குள் பொங்கல் முடிந்துவிடும். கார்த்திகையிலேயே காட்டத் தொடங்க வேண்டும். தீபாவளிப் பலகாரத்துக்கு ஐந்து வாரம் முன்பு. பங்குனி, சித்திரையில் பதநீர் இறக்கும் காலத்தில் பனங்காட்டில் எடுக்கும் காட்சிகளை மழைக்காலத்துக்கும் சேர்த்துச் சேமித்துக்கொள்ளுங்கள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தின்போது வெளியூர் நெல்லைக்காரர்கள் எல்லோருடைய மனமும் ரத வீதியில் இருக்கும். அன்று விற்பனைப் பதிவு வேண்டாம். தேரை நல்லபடியாகப் படமெடுத்துப் போட்டால் அவர்களே ஊர்க்காரர்களுக்கெல்லாம் பகிர்வார்கள்.

ஆர்டர், பணம், பொட்டலம்

"அக்கா, இது கிடைக்குமா?" என்று ஒருவர் கேட்டால் அன்றைக்குள் பதில் போக வேண்டும். அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்களைச் செயலியிலேயே சேமித்து வைக்கும் வசதி உண்டு. ஆனால் பெயர் சொல்லி அழைத்து ஒரு வரி சேர்க்காமல் அதை அப்படியே அனுப்பினால் இயந்திரம் பேசுவதுபோல் இருக்கும்.

பணம் அனுப்பியதற்கான ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் பார்த்துப் பொருளை அனுப்பாதீர்கள். அதைப் போலியாக உருவாக்குவது மிக எளிது. உங்கள் வங்கிக் கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகே பொட்டலம் கட்ட வேண்டும். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண்ணை அழுத்த வேண்டிய தேவை ஒருபோதும் இல்லை. அழுத்தச் சொல்கிறவர் திருடுகிறவர்.

உணவுப் பொருள் விற்பவர், வீட்டு அடுப்பில் செய்தாலும், உணவுப் பாதுகாப்புத் துறையிடம் பதிவு செய்து 14 இலக்க எண்ணைப் பெற்று உறையில் அச்சிட வேண்டும். அந்த எண்ணைப் பயோவுக்குப் பக்கத்திலோ ஹைலைட்டிலோ காட்டினால் வாங்குகிறவருக்கும் தெம்பு. வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்புகிறவர் ஜிஎஸ்டி பற்றி ஓர் ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம்.

மண்பாண்டம் அனுப்புகிறவர்கள் வைக்கோலைப் பானைக்கு உள்ளும் வெளியும் திணித்து, பெட்டிக்குள் பெட்டியாக வைத்து, முதலில் அதைத் தம் வீட்டுத் திண்ணை உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்க்க வேண்டும். உடையாவிட்டால் அதே முறையில் அனுப்பலாம். அந்தச் சோதனையையே ஒருவர் ரீலாக எடுத்துப் போட, உடைந்துவிடுமோ என்று தயங்கிக்கொண்டிருந்த பலர் அந்த வாரமே ஆர்டர் கொடுத்தார்கள்.

விளம்பரமும் கணக்குப் பார்த்தலும்

முதல் மூன்று மாதத்துக்குப் பணம் கொடுத்து விளம்பரம் செய்ய வேண்டாம். எந்தப் பதிவு தானாகவே நன்றாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு, அந்தப் பதிவுக்கு மட்டும் நாளுக்கு 100 அல்லது 200 ரூபாய் வீதம் ஐந்து நாள் கொடுத்து, ஊரையும் வயதையும் தேர்ந்தெடுத்துச் சோதித்துப் பார்க்கலாம். பணம் கொடுத்துப் பின்தொடர்பவர்களை வாங்குவது வீண். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஆளே கிடையாது.

பிரபலக் கணக்கு வைத்திருப்பவருக்குப் பொருளோ பணமோ கொடுத்துப் பதிவிடச் சொன்னால், அது விளம்பரம் என்பதை அவர் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். 2023 ஜனவரியில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல் அதைத் தெளிவாகச் சொல்கிறது. லட்சம் பேர் பின்தொடரும் பொதுக் கணக்கைவிட, ஐயாயிரம் பேர் பின்தொடரும் வீட்டு அலங்காரக் கணக்கோ சமையல் கணக்கோ நமக்கு அதிகம் உதவும்.

மாதத்துக்கு ஒரு முறை கணக்கு விவரங்களைத் திறந்து பாருங்கள். லைக் எண்ணிக்கையில் மனம் தோய வேண்டாம். ஒரு பதிவை எத்தனை பேர் மற்றவருக்கு அனுப்பினார்கள், எத்தனை பேர் சேமித்து வைத்தார்கள் என்ற இரண்டு எண்களே வாங்கும் எண்ணத்துக்கு அருகில் இருப்பவை. ஒருவர் கல்யாணப் பாயின் படத்தைத் தன் அக்காவுக்கு அனுப்புகிறார் என்றால் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்று பொருள். பக்கத்திலேயே ஒரு நோட்டில், அந்த மாதம் வந்த ஆர்டர் எந்தப் பதிவைப் பார்த்து வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். செயலி இதைச் சொல்லாது. வாங்குகிறவரிடம் கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வார்.

பொருள் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் கழித்து, பாய் எப்படி இருக்கிறது என்று ஒரு செய்தி அனுப்புவதை நான் தவறவிடுவதில்லை. பலர் பதிலோடு படமும் அனுப்புவார்கள்: மணமேடையில் விரித்த பாய், அடுக்ககத்தின் பால்கனியில் அதன் மேல் படுத்திருக்கும் குழந்தை. அந்தப் படத்தை உடனே எடுத்துப் போட்டுவிடக் கூடாது. "இதை எங்கள் பக்கத்தில் பகிரலாமா, உங்கள் பெயரைக் குறிப்பிடலாமா, குழந்தையின் முகத்தை மறைத்துவிடட்டுமா" என்று மூன்றையும் கேட்டு, அவர் சரி என்று சொன்ன அளவுக்கு மட்டுமே பகிர வேண்டும்.